ரிமோட் மொன்ஸ்டர் டிரக்கில் சஸ்பென்ஷன் ஆர்ம் மாற்றுவது: நம் மலைப்பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏழெட்டு ரிமோட் மொன்ஸ்டர் டிரக்குகள், அதாவது பெரிய சக்கரம் வைத்த ரிமோட் வண்டிகள், ஓடும். பகலில் த்ரீவீலர் கராஜில் வேலை செய்கிறவன் என்பதால், உடைந்த வண்டியெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். வருவதில் பாதி ஆர்ம் உடைந்தது. எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்ம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வண்டியின் நடு உடம்பிலிருந்து சக்கரம் வரை நீளுகிற கை. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ஏ எழுத்து மாதிரி இருக்கும். உட்பக்கம் ஒரு இரும்புப் பின்னில் தொங்கி மேலும் கீழும் ஆடும். வெளிப்பக்கம் இன்னொரு பின், அதில் சக்கரத்தைத் தாங்கும் துண்டு. குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங் வைத்த ஷொக் அப்சோபர் (ஷொக் என்போம்), அதன் கீழ் நுனி இந்த ஆர்மின் மேல்தான் உட்காரும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

என் வண்டியில் ஆர்ம் மாசத்துக்கு ஒன்று உடைகிறது. அலுமினியத்தில் போட்டால் பிரச்சினை தீருமா அண்ணா?

ஆர்ம் உடையாது. மற்றது எல்லாம் உடையும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். நீல நிறத்தில் பளபளவென்று ஒரு செட் அலுமினிய ஆர்ம் வாங்கி, நாலு பக்கமும் மாட்டி, ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த ஞாயிறு மைதானத்து ஓரத்துக் கான் கட்டில் முன் வலது சக்கரம் அடித்தது. ஆர்மில் ஒரு கீறல் மட்டும். ஆனால் அது மாட்டியிருந்த பல்க்ஹெட், அதாவது நடு உடம்பில் ஆர்மைத் தாங்கும் துண்டு, இரண்டாகப் பிளந்து, உள் பின் வளைந்து, ஷொக்கின் மேல் நுனியைப் பிடிக்கும் ஷொக் டவரிலும் வெடிப்பு. முன்பெல்லாம் ஒரு ஆர்மை மாற்றிவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி ஓட்டியிருப்பேன். இந்த முறை முன்பாதி முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. பல்க்ஹெட் வந்து சேர ஆறு கிழமை.

காரணம் எளிது. 2.5 கிலோ வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போய் மோதினால், அதை ஆறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். இரண்டு மாடி வீட்டுக் கூரையிலிருந்து விழுந்த மாதிரி. அந்த விசை எங்காவது போயாக வேண்டும். நைலோன் ஆர்ம் வளைந்து கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத் திரும்ப நிமிரும். தாங்க முடியாவிட்டால் தானே உடைந்து, பின்னால் இருப்பதைக் காப்பாற்றும். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். வளையாவிட்டால் அடியை அப்படியே உள்ளே அனுப்பும். வீட்டில் பியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் கம்பி ஆணியை வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்மின் பாரம் சக்கரப் பக்கத்துப் பாரம். அதை ஸ்பிரிங் தாங்குவதில்லை. கல்லில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் அதைத் திருப்பி நிலத்துக்கு அமுக்க வேண்டியிருக்கிறது. பாரம் கூடினால் சக்கரம் நிலத்தை விட்டுக் கிளம்பித் தாமதமாக வரும். நம் கிரவல் ரோட்டில் இது நன்றாகவே தெரியும்.

கடையில் பெரிய விலைக்கு விற்கிறார்களே, அப்படியென்றால் ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. அதற்கு வேலை இருக்கிற இடம் வேறு. கல்லில் மெதுவாக ஏறுகிற வண்டியில் அடி சிறியது. அங்கே உலோகத்தின் பாரம் கீழே இருப்பது நல்லதுதான். அலமாரியில் வைத்துப் பார்க்கிற வண்டிக்கும் அழகு. பாய்ந்து குதிக்கிற மொன்ஸ்டர் டிரக்குக்குத்தான் ஆர்மில் வேண்டாம் என்கிறேன். ஷொக் மூடி, முன் சக்கரத் தாங்கி மாதிரித் துண்டுகளில் அலுமினியம் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

சந்தேகமிருந்தால் அமெரிக்கக் கம்பனியான டிராக்ஸஸின் எக்ஸ்-மேக்ஸைப் பாருங்கள். எட்டு செல் லிப்போ பற்றரியில் ஓடுகிற, எட்டரைக் கிலோவைத் தாண்டுகிற ராட்சசன். கம்பனியிலிருந்து வரும்போது அதற்கும் பிளாஸ்டிக் ஆர்ம்தான். அவ்வளவு பாரத்துக்கு அது போதுமென்றால் நம்முடையதற்குப் போதாதா?

அப்படியானால் எதைப் போடுவது?

மூன்று வழி. ஒன்று, வண்டியோடு வந்ததையே இன்னும் இரண்டு சோடி வாங்கி வைப்பது. இரண்டு, ஆர்.பி.எம். மாதிரிக் கம்பனிகள் நைலோனில் தடிப்பாக வார்க்கிற ஆர்ம். அமெரிக்கச் சாமான், விலை கூட, ஆனால் ஒடிவதற்கு முன் நன்றாக வளையும். என் வண்டியில் இப்போது இருப்பது அந்த வகைதான். மூன்று, த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்தது. நைலோனில் அச்சடித்தால் பரவாயில்லை, பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக் என்றால் வேண்டாம். அது படைக்குப் படை உரிந்துகொண்டு ஒடியும்.

முதன்முதலாக வாங்குகிறவர் என்றால் ஒன்றாவது வழியே போதும். அவசரப்பட வேண்டாம்.

பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் சங்கதி இருக்கிறது.

ஆர்மில் பெரும்பாலும் இருப்பது நைலோன். அது தண்ணீரைக் குடிக்கிற பிளாஸ்டிக். அச்சில் வார்த்து வெளியே வரும்போது எலும்பு மாதிரி உலர்ந்திருக்கும், அதனால் சுலபமாக ஒடியும். காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்த பிறகுதான் அது வளைந்து கொடுக்கப் பழகும். புதுப் பைக்கற்றைப் பிரித்து உடனே மாட்டி, முதல் நாளே உடைத்துக்கொண்டு வருகிறவர்களின் கதை பல நேரம் இதுதான்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பைக் குறைத்து, ஆர்மை அதில் இருபது முப்பது நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். சட்டியின் அடியில் படாமல் ஒரு துணியைப் போட்டால் நல்லது. அம்மாவின் கறிச்சட்டியை எடுக்காதீர்கள். பழைய டின் ஒன்று போதும். சூடாக இருக்கும்போது வளைக்கவும் கூடாது, கோணிப்போனால் கோணியபடியே நின்றுவிடும். இது நைலோனுக்கு மட்டும். வண்டியின் மேல் கூடு பொலிகாபனேட் என்கிற வேறு பிளாஸ்டிக், அதை இந்தச் சட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அடுப்புக்கு வழியில்லையென்றால் புது ஆர்மைத் தண்ணீர்ப் போத்தலில் சில நாள் ஊறப்போடலாம். நம் பக்கத்து மூடுபனியில் சும்மா இஸ்தோப்பில் தொங்கவிட்டாலே மாசக் கணக்கில் ஓரளவு வேலை நடந்துவிடும். கடற்கரைக்காரர்களுக்கும் நமக்கும் இருக்கிற ஒரு வசதி.

கண்ணாடி இழை கலந்த நைலோன் என்று போட்டிருந்தால் கவனம். அது விறைப்பானது. ஓட்டம் கூர்மையாக இருக்கும், ஆனால் வளைவதற்குப் பதிலாகப் பட்டென்று ஒடியும். ரேஸ் பாதைக்குச் சரி, நம் ரோட்டுக்கு இல்லை.

குளிரையும் சொல்ல வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் காலை புல்லில் உறைபனி பிடிக்கும் நாள்கள் இருக்கின்றன. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப் போயிருக்கும். வெயில் ஏறும் வரை பாய்ச்சல் வேண்டாம்.

உடைந்த இடத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

முடியும். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

உள் பின் மாட்டுகிற இடத்தில் ஒடிந்திருந்தால் முன்னாலிருந்து நேரடி அடி: கல், கான் கட்டு, வேலிக்கட்டை. அதற்கு ஆர்மை மாற்றுவதை விட முன் பம்பரை அகலமாக்குவது மலிவு. சக்கரத்தை முந்திக்கொண்டு பம்பர் அடி வாங்கிக்கொள்ளும்.

சக்கரப் பக்கத்துப் பின் ஓட்டை பிய்ந்திருந்தால் வண்டி உருண்டு ஒரு சக்கரத்தில் இறங்கியிருக்கிறது. அல்லது அந்தப் பின் முன்பே வளைந்திருந்து, நீங்கள் கவனிக்கவில்லை.

ஷொக் பிடிக்கிற ஓட்டையில் வெடித்திருந்தால் குற்றம் ஆர்மில் இல்லை. குதித்து இறங்கும்போது ஷொக் அடி வரை போய் முட்டுகிறது. ஷொக்கில் ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது மெல்லிய ஒயில். 30 வெயிட் (ஒயிலின் தடிப்பைக் காட்டும் எண்) போட்டிருந்தால் 40க்குப் போய்ப் பாருங்கள். இதைச் செய்யாமல் எத்தனை ஆர்ம் மாற்றினாலும் அதே ஓட்டைதான் வெடிக்கும். போன வருடம் ஒரு தம்பி இதே இடத்தில் நாலு ஆர்ம் உடைத்துவிட்டு ஐந்தாவதை வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். திறந்து பார்த்தால் ஷொக்கில் ஒயிலே இல்லை, காற்றுத்தான்.

நீளமான ஆர்ம் போட்டால் வண்டி பிரளாதாமே?

குறையும், அது உண்மை. மொன்ஸ்டர் டிரக் உயரமானது, பாரம் மேலே இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி கூடினால் வளைவில் கவிழ்வது குறையும். சரிவில் குறுக்கே ஓட்டுகிற நமக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனால் ஆர்ம் மட்டும் நீண்டால் போதாது. சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாப்ட், சக்கரத்தின் சாய்வைப் பிடிக்க மேலே இருக்கிற கேம்பர் லிங்க் என்ற கம்பி, முன்னால் ஸ்டியரிங் கம்பி எல்லாம் அதே அளவுக்கு நீள வேண்டும். ஷாப்ட் குட்டையாக இருந்தால் சக்கரம் கீழே தொங்கும்போது கப்பிலிருந்து கழன்று விழுந்துவிடும். அதனால் இதைத் துண்டு துண்டாக வாங்காமல் முழுச் செட்டாக வாங்குவதுதான் சரி.

அடுத்தது ஸ்பிரிங். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஷொக் பிடிக்கும் இடம் உள் பின்னிலிருந்து 45 மில்லிமீட்டரில், சக்கரப் பக்கப் பின் 75 மில்லிமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45ஐ 75ஆல் வகுத்தால் 0.6. அதை அதாலேயே பெருக்கினால் 0.36. ஸ்பிரிங்கின் விறைப்பில் சக்கரத்துக்குக் கிடைப்பது அந்தப் பங்குதான். ஷொக்கை அதே இடத்தில் வைத்து ஆர்மை 90 மில்லிமீட்டராக்கினால் 0.5, பெருக்கினால் 0.25. அதாவது அதே ஸ்பிரிங், சக்கரத்தில் சுமார் 30 சதவீதம் விறைப்புக் குறைந்துவிட்டது. அகல ஆர்ம் போட்டவுடன் வண்டி தொய்ந்து வயிறு உரசுவது இதனால்தான். விறைப்பான ஸ்பிரிங் போடுங்கள், அல்லது ஆர்மில் வெளிப்பக்கம் இன்னொரு ஓட்டை இருந்தால் ஷொக்கை அங்கே மாற்றுங்கள். 

நெம்புகோலும் நீளமாகிறது என்பதை மறக்க வேண்டாம். அதே கல்லில் மோதினால் பல்க்ஹெட்டுக்குப் போகிற முறுக்கு கூட.

என் வண்டிக்கு எது பொருந்தும்?

பெயரையும் மொடலையும் பார்த்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து இல்லை. டிராக்ஸஸின் இரு சக்கர இழுவை ஸ்டம்பீடுக்கும் ரஸ்லருக்கும் ஆர்ம் பொது. ஆனால் நாலு சக்கர இழுவை ஸ்டம்பீட் வேறு சாதி. சீனாவின் டபிள்யூ.எல்.டொய்ஸில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுள்ள ஏ979 மொன்ஸ்டர் டிரக்கும் ஏ959 பகியும் ஏ969 டிரக்கும் ஒரே குடும்பம். உதிரிப்பாகங்களில் பெரும்பகுதி மாற்றிப் போடலாம்.

எவ்வளவு தேடியும் என் வண்டியில் அப்படி ஒரு கை இல்லையே?

இருக்காது. ஜப்பான் கம்பனியான டமியாவின் க்ளொட் பஸ்டர் மாதிரி வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே இரும்பு லொறி அச்சு மாதிரி வைத்திருப்பார்கள், அதைக் கம்பிகள் பிடித்திருக்கும். டபிள்யூ.எல்.டொய்ஸ் 12428இல் முன்னால் ஆர்ம், பின்னால் அச்சு. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கம்பிகளையும் அவற்றின் உருண்டை நுனிகளையும்தான்.

நானே மாற்றலாமா? என்ன சாமான் வேண்டும்?

தாராளமாக. டிராக்ஸஸ் வண்டியென்றால் 2 மில்லிமீட்டரிலும் 2.5 மில்லிமீட்டரிலும் நல்ல எலன் கீ இரண்டு. பத்து ரூபாய்க் கீயை வைத்துத் திருகினால் ஸ்குரூவின் தலை உருண்டுவிடும். பிறகு ஆர்ம் மாற்றும் வேலை அரை நாள் வேலையாகிவிடும். டமியாவின் நட்சத்திரத் தலை ஸ்குரூ ஜப்பான் அளவு, சாதாரண ஸ்டார் ட்ரைவர் அதில் வழுக்கும்.

முதலில் கழற்றுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடாதீர்கள், பார்த்து மாட்ட ஒன்று வேண்டும். பின்னைப் பிடித்திருக்கிற சின்ன ஈ-கிளிப் துள்ளி ஓடும். வண்டியை ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். நான் இஸ்தோப்புத் தரையில் தொலைத்த கிளிப்புகளைக் கூட்டினால் ஒரு தீப்பெட்டி நிறையும்.

புது ஆர்மை மாட்டியதும் ஷொக்கை இன்னும் பூட்டாதீர்கள். ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள். தன் பாரத்தில் தானே விழ வேண்டும். விழாமல் நடுவில் நின்றால் ஓட்டை இறுக்கம். பின்னின் அளவுக்கே உள்ள ட்ரில் பிட்டைக் கையால் பிடித்து மெதுவாக ஓட்டைக்குள் சுற்றி எடுங்கள். மெசினில் போட்டு ஓட்டினால் ஓட்டை பெரிதாகி, சக்கரம் பல் ஆடுகிற மாதிரி ஆடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஷொக்கைப் பூட்டுகிறவர்கள்தான் பிறகு ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்குரூவை முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். மெல்ல ஒரு இடத்தில் விழுகிற மாதிரி உணர்வு வரும். அது பழைய புரி. அதிலிருந்து முன்னால் சுற்றினால் புதுப் புரி வெட்டாது. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் மட்டும் ஸ்குரூ கழலாமல் பிடிக்கிற நீல லொக்டைட் பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் விடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும்.

பின்னுக்கு கிரீஸ் பூசலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நம் செம்மண் அதில் ஒட்டி அரைத்துவிடும்.

மாட்டிய பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

முதலில் பின் வளைந்திருக்கிறதா பாருங்கள். கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் தெரியும். நேராக இருந்தால் கேம்பர் லிங்க் இரண்டையும் சம நீளத்துக்கு அளந்து வையுங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளே ஒன்று, இரண்டு பாகை சாய்ந்திருந்தால் போதும்.

சுப்பர் குளூ போட்டு ஒட்டலாமா?

நைலோனில் நிற்காது. வீடு வரை கொண்டுபோக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை போட்டு கட்டுக்கம்பியால் தைத்துவிடுங்கள், மெதுவாக ஓடும். ஒட்டிய ஆர்மோடு குதிக்க விட்டால் ஷொக்கும் சேர்ந்து போகும்.

பின் வளைந்துவிட்டது, கடையில் இல்லை. என்ன செய்யலாம்?

2 மில்லிமீட்டர் பின் போகிற சின்ன வண்டியென்றால் சைக்கிள் கம்பி இருக்கிறது. வழக்கமான 14 கேஜ் கம்பி சரியாக 2 மில்லிமீட்டர். அளவுக்கு வெட்டி, முனையை அரத்தால் உருட்டிப் போடுங்கள். சைக்கிள் திருத்துகிறவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். பெரிய வண்டிக்கு ஆணியை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆணி மெல்லிரும்பு. முதல் குதிப்பிலேயே வளைந்து, வளைந்தபடி உள்ளே சிக்கி, கழற்றவும் முடியாமல் ஆர்மையும் வெட்டி எறிய வேண்டி வரும்.

எங்கே வாங்குவது?

பெரும்பாலும் ஒன்லைனில். சீன வண்டிக்கு சீனாவிலிருந்தே வரவழைப்பது மலிவு. அமெரிக்கச் சாமானுக்குத் தபால் காசே ஆர்மின் விலையைத் தாண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, மே மாதம் 360 ஆனது. அந்தக் கிழமைகளில் ஓடர் போடப் போனவர்களுக்கு இந்த ஹொபியின் உண்மை விலை தெரியும். அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: ஒரே மொடல் வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போடுவது. அதற்காகவே புதிதாக வாங்க வருகிற தம்பிமாரிடம், பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கிற மொடலையே வாங்கு என்று சொல்வேன். வேறு மாதிரி வேண்டுமென்று அடம்பிடிக்கிறவன் ஒரு ஆர்முக்காக ரெண்டு மாசம் காத்திருப்பான்.

தேயிலை மலைக்குள் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். கொழுந்து எடுக்கிறவர்களின் பாதை அது, கங்காணி ஏசுவார், ஏசுவது நியாயம். வண்டிக்கும் நல்லதில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் நிற்கும் அடிக்கட்டைகள் முளைக்குச்சி மாதிரி. அகல ஆர்ம் போட்ட வண்டி இரண்டு செடிக்கு நடுவில் போகவே போகாது. நான் பார்த்த வரையில் அதிக ஆர்ம் ஒடிந்தது அந்தக் கட்டைகளில்தான். மைதானம், ஸ்டோருக்குப் போகிற பழைய ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத நேரம், ஆற்றோரத்து மணல் இவை போதும்.

மழைக்காலத்தில்?

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை சேறுதான். பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காலம் மழையில்லாத காலம், அவர்களுடைய மழை வருடக் கடைசியில். சேற்றில் ஓட்டினால் அன்றைக்கே கழுவுங்கள். பல் தேய்க்கிற பழைய பிரஷால் பின்னின் இரண்டு பக்கமும் தேய்த்து, ஆர்மை ஆட்டி ஆட்டித் தண்ணீர் விட்டு, துடைத்துக் காயவையுங்கள். செம்மண் உள்ளே காய்ந்தால் அரைகல் மாதிரி. ஒரு மழைக்காலத்தில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

சோடியில் ஒன்றுதான் உடைந்தது. மற்றதையும் மாற்ற வேண்டுமா?

அதே வகை ஆர்மையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் வேண்டியதில்லை. வகை மாறினால் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் வளையாமலும் இருந்தால் வண்டி குதித்து இறங்கியதும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கழற்றிய நல்லதை எறியாமல் பின்னோடும் கிளிப்போடும் ஒரு பையில் போட்டு, எந்தப் பக்கத்தது என்று எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கிறேனோ இல்லையோ, அந்த டின்னை எடுத்துக்கொண்டுதான் மைதானத்துக்கு இறங்குவேன்.